வழக்குரைப்போர் இல்லாத அச்சம்: ‘ஜீரோ டே’ தொடரும் ‘இரும்புத்திரை’யும் பெரிய மார்க்கெட் நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழித் தாக்குதலைக் கருவாகக் கொண்ட அரசியல் பரபரப்புக் கதைகள் பார்வையாளரிடம் எழுப்பும் முதன்மையான மெய்ப்பாடு அச்சம். அவ்வச்சம் எங்கிருந்து பிறக்கிறது, யார் மீது குவிகிறது, எவ்வாறு தணிக்கப்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 2025இல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான ‘ஜீரோ டே’ என்னும் அமெரிக்கத் தொடரும், 2018இல் வெளியான ‘இரும்புத்திரை’ என்னும் தமிழ்த் திரைப்படமும் முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டும் அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள் ஆய்வுச் சட்டகமாக அமைகின்றன. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் சிறுவணிக வாழ்வு பார்வையாளர் இடமாகக் கொள்ளப்படுகிறது. இரு படைப்புகளும் பாதிக்கப்பட்டோரைக் காட்டினும், அவர்களை வழக்குரைப்போராக மேடையேற்றத் தவறுகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், இணையவழித் தாக்குதல், ஏற்புக் கோட்பாடு, ஜீரோ டே, இரும்புத்திரை, பெரிய மார்க்கெட்.

முன்னுரை

ஒரு படைப்பின் பொருள் அதனைப் படைத்தவரிடம் முற்றுப்பெறுவதில்லை. நுகர்வோரின் முன்னறிவோடும் எதிர்பார்ப்போடும் உறவுகொண்டே அது உருவாகிறது. ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை இதுவாகும். ஹான்ஸ் ராபர்ட் யவுஸ் இதனை ‘எதிர்பார்ப்பின் தொடுவானம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். ஒரே செய்தியை அதன் மேலாதிக்கப் பொருளிலும், பேரம் பேசும் நிலையிலும், எதிர்நிலையிலும் நுகர்வோர் வாசிக்கக்கூடும் என ஸ்டூவர்ட் ஹால் வகைப்படுத்தினார். இவ்விரு கருத்துகளும் தமிழ்த் திரைப்பட ஆய்வில் பெரும்பாலும் நாயக பிம்பத்தையும் ரசிகர் மன்றத்தையும் விளக்கவே பயன்பட்டு வந்துள்ளன. கண்ணுக்குப் புலப்படாத வலையமைப்பு ஒன்று செயலிழப்பதைப் பற்றிய கதையைத் தமிழ்ப் பார்வையாளர் எவ்வாறு உள்வாங்குகிறார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

இங்குப் ‘பார்வையாளர்’ என்பது கருத்துக்கணிப்பால் பெறப்பட்ட எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வாழ்விடத்தின் பொருளியல் நிலைமைகள் படைப்பொன்றை வாசிப்பதற்கு எத்தகைய இருக்கையை இட்டுத் தருகின்றன என்பதையே அச்சொல் சுட்டுகிறது. அவ்வகையில் இது களஆய்வு அன்று, திறனாய்வு.

பார்வையாளர் இடம்: பெரிய மார்க்கெட்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்த குபேர் அங்காடியைப் புதுச்சேரி மக்கள் ‘பெரிய மார்க்கெட்’ என்றே வழங்குகின்றனர். பிரெஞ்சு வழக்கில் ‘கிராண்ட் பஜார்’ எனப்பட்டது இதுவே. புதுச்சேரியின் முதலமைச்சராக விளங்கிய எதுவார் குபேரின் பெயரை அங்காடி ஏற்றுள்ளது. அதன் ஒருபுறத்து வீதி, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்குகிறது. கப்பல் வரவு, விலை நிலவரம், அரசுச் சூழ்ச்சி, முற்றுகை பற்றிய பேச்சு ஆகிய அனைத்தையும் ஒரே ஏட்டில் பதிந்த அந்நாட்குறிப்பு, அரசியலும் வணிகமும் வதந்தியும் இந்நகரில் பிரிக்கமுடியாதவை என்பதற்கு முதற்சான்று.

இன்று அவ்வங்காடியின் மீன், காய்கறி, பூ, மளிகைக் கடைகளில் பணம் இருவகையில் புழங்குகிறது. ஒன்று தாளும் காசும். மற்றொன்று கியூ.ஆர். அட்டையின் வழியே வந்து, பணம் வந்ததை ஒலிப்பெட்டி அறிவிக்கும் தொகை. கூடையின் முன் அமர்ந்திருப்பவர் ஈரக்கையால் கைப்பேசியைத் தொட வேண்டியதில்லை. பெட்டியின் குரலே ரசீது. எனினும் அக்குரல் எங்கிருந்து வருகிறது, இடையில் எத்தனை நிறுவனங்கள் நிற்கின்றன என்பதை அவர் காண இயலாது. நம்பிக்கையின் இருப்பிடம் முகத்திலிருந்து குரலுக்கு இடம்பெயர்ந்துள்ளது.

இப்பார்வையாளருக்குத் ‘திடீர் நிறுத்தம்’ புதிதன்று. 2016 நவம்பர் 8 இரவு அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கம் கல்லாப்பெட்டியில் இருந்த தாள்களைச் செல்லாதனவாக்கியது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர்ப் பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் அங்காடியை இடித்துக் கட்டும் முயற்சி எழுந்தபோது, கடைகளை விட்டு வெளியேற மறுத்து வணிகர்கள் எதிர்த்தனர். இவற்றுள் எதனையும் எதிரி நாடு செய்யவில்லை. எல்லாம் அறிவிப்பாக வந்தவை.

இதனோடு இணைத்து நோக்கத்தக்கது உணவுப்பங்கீடு. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் நியாயவிலை அரிசிக்கு மாற்றாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் நேரடிப் பயன்மாற்ற முறை தொடங்கப்பட்டது. அரிசியா, பணமா என்பது துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே நீண்ட பூசலாக நீடித்தது. நியாயவிலைக் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டியே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழைக் குடும்பம் ஒன்றின் அரிசிமூட்டை வங்கிக் கணக்கிற்குள் இருந்தது. ஆகவே கணக்கு முடங்குவது என்பது இங்கு உலையில் அரிசி விழுமா என்னும் வினாவோடு பிணைந்தது. இப்பின்புலமே கீழ்வரும் வாசிப்பின் தொடுவானம்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு. உரைமரபு ‘இறை’ என்பதை அரசனோடு நிறுத்தாமல், தந்தை, ஆசிரியர் முதலாயினோரையும் உள்ளடக்கி விரிக்கிறது. காக்கும் கடமை உடையோரிடமிருந்தே அச்சம் பிறக்கக்கூடும் என்னும் நுண்ணிய அறிதல் இப்பகுப்பில் பொதிந்துள்ளது.

இணையவழித் தாக்குதலைப் பேசும் கதைகளை இந்நான்கின் வழியே பகுத்துக் காணலாம். தாக்குவோன் உருவற்றவனாக, எங்கும் நிறைந்தவனாகக் காட்டப்படும்போது அச்சம் அணங்கின் இயல்பைப் பெறுகிறது. கட்டுப்பாடின்றிப் பரவும் தீநிரலைக் காட்டும்போது விலங்கின் இயல்பைப் பெறுகிறது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய ‘வான்னக்ரை’ தன் இலக்கைத் தேர்ந்தெடுக்காமல் பரவிய விதம் இதற்கு நிகரானது. பணம் பறிபோவதைக் காட்டும்போது கள்வர் அச்சம். காக்க வந்த அதிகாரமே குடிமக்களைக் கண்காணித்துச் சிறைப்படுத்தும்போது இறை அச்சம். ஒரு படைப்பு எந்த நிலைக்களனில் தொடங்கி எதில் முடிகிறது என்பதே அதன் அரசியலைத் தீர்மானிக்கிறது.

இரும்புத்திரை: கள்வர் அச்சம்

பி.எஸ். மித்ரன் இயக்கிய முதற்படமான ‘இரும்புத்திரை’ 2018 மே 11இல் வெளியானது. விஷால் ஏற்ற கதிரவன் என்னும் இராணுவ அதிகாரி, தங்கையின் திருமணத்திற்காக இடைத்தரகர் ஒருவர் வழியே பொய்யான ஆவணங்களைக் காட்டி வங்கிக்கடன் பெறுகிறான். அப்பணம் அவனது கணக்கிலிருந்து மறைகிறது. தனிமனிதர்களின் தரவுகளைத் திரட்டி, அவர்தம் கணக்குகளைச் சூறையாடும் கும்பலையும், அதன் தலைவனாக அர்ஜுன் ஏற்ற ‘ஒயிட் டெவில்’ பாத்திரத்தையும் அவன் தேடிச் செல்வதே கதை.

இப்படத்தின் மிகச்சிறந்த பகுதி அதன் முற்பாதி எனலாம். கடன்பட்ட தந்தையை வெறுக்கும் மகன் தானே கடனாளியாகிறான். விதிகளைப் பேணவேண்டிய அதிகாரி தானே போலி ஆவணத்தில் கையெழுத்திடுகிறான். வங்கி கதவடைத்த இடத்தில் தரகர் கதவு திறக்கிறார் என்பதைப் படம் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கிறது. தண்டல் கடனுக்கு நாள்தோறும் தவணை கட்டும் சிறுவணிகப் பார்வையாளருக்கு இக்காட்சிகள் விளக்கம் வேண்டாதவை. கடன் கிடைக்காமையே மோசடிக்கு வாசலாகிறது என்னும் உண்மையைப் படம் பொருளியல் தளத்தில் நிறுவுகிறது. பணம் மறைந்தபின் கதிரவனால் எளிதில் புகார் கொடுக்க இயலாது என்பது இதன் உச்சம். அவன் வழக்குரைக்கச் சென்றால் முதற்குற்றவாளி அவனே.

இக்கதைச்சூழல் கற்பனையின் மிகை அன்று. படம் வெளியான அதே 2018ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ஏ.டி.எம். அட்டைகளின் தரவைத் திருடிப் போலி அட்டைகள் செய்து பணம் எடுத்த மோசடியைக் காவல்துறை விசாரித்தது. கடைகளில் பயன்படும் ஸ்வைப்பிங் மெஷின்களும் அம்மோசடியில் பயன்பட்டமை வெளிப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பன்னாட்டுப் பணப்பரிமாற்ற அமைப்புக்குள் ஊடுருவி, ஏறத்தாழ 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக் கணக்குகளுக்கு மாற்றும் முயற்சி நடந்தது. வங்கித் தலைமையகமும் தெருமுனைக் கடையும் ஒரே ஆண்டில் இலக்காயின.

ஆயின் படத்தின் பிற்பாதி இவ்வலையமைப்பைத் தனிமனித மோதலாகச் சுருக்கிவிடுகிறது. தரவைத் திரட்டிய நிறுவனங்கள், அதனை ஒன்றோடொன்று பிணைத்த கொள்கைகள், இழப்பீடு தரவேண்டிய வங்கி ஆகியவை மெல்லப் பின்னணிக்குச் செல்கின்றன. ஒரே வில்லன் எல்லாம் அறிந்தவனாக விசுவரூபம் எடுக்கிறான். கள்வனாகத் தொடங்கியவன் அணங்காக உயர்கிறான் எனலாம். அணங்கை எதிர்க்க வீரன் போதும். கள்வனை எதிர்க்க வழக்குமன்றமும் சட்டமும் வேண்டும். படம் முன்னதைத் தேர்ந்துகொள்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24இல் அறிவித்து ஓராண்டுகூட நிறைவுறாத காலத்தில் வெளியான படம், உரிமையின் மொழியை விடுத்து விழிப்புணர்வின் மொழியையே பேசியது. ‘கவனமாக இருங்கள்’ என்னும் அறிவுரை, பொறுப்பைப் பறிகொடுத்தவர் தலையிலேயே ஏற்றுகிறது.

ஜீரோ டே: இறை அச்சம்

‘ஜீரோ டே’ 2025 பிப்ரவரி 20இல் ஆறு அத்தியாயங்களாக வெளியானது. எரிக் நியூமன், நோவா ஓப்பன்ஹைம், மைக்கேல் ஷ்மிட் ஆகியோர் உருவாக்க, லெஸ்லி லிங்கா கிளாட்டர் இயக்கினார். மென்பொருளை ஆக்கியோர் அறியுமுன் தாக்குவோர் அறிந்துவிட்ட குறையைக் கணினித்துறையில் ‘ஜீரோ டே’ என்பர். சரிசெய்ய ஒரு நாளும் வாய்க்காத நிலையை அப்பெயர் சுட்டுகிறது. தொடரில் ஒரு நிமிடம் அமெரிக்காவின் மின்சாரமும் போக்குவரத்தும் தகவல்தொடர்பும் செயலிழக்கின்றன. 3,402 பேர் இறக்கின்றனர். இது மீண்டும் நிகழும் என்னும் எச்சரிக்கை கைப்பேசிகளில் தோன்றுகிறது. ராபர்ட் டி நீரோ ஏற்ற ஜார்ஜ் மல்லன் என்னும் முன்னாள் குடியரசுத் தலைவர், வழக்கமான சட்டப் பாதுகாப்புகளை மீறிக் கைது செய்யும் அதிகாரம் கொண்ட விசாரணைக் குழுவுக்குத் தலைமையேற்கிறார்.

தொடரின் முதல் அத்தியாயங்கள் அச்சத்தை வெளிநாட்டு எதிரியின் மீது திருப்புகின்றன. பின்னர் அது படிப்படியாக உள்ளே திரும்புகிறது. விசாரணைக் குழுவே குடிமக்களைப் பிடித்துத் துன்புறுத்துகிறது. தாக்குதலின் மூலம் நாடாளுமன்ற அவைத்தலைவர், தொழில்நுட்பச் செல்வந்தர், மல்லனின் சொந்த மகள் ஆகியோரைக் கொண்ட உள்வட்டம் என்பது தெரியவருகிறது. அணங்கு எனத் தோன்றியது இறையாக முடிகிறது. இத்திருப்பமே தொடரின் அரசியல் துணிவு. மல்லனின் நினைவுத் தடுமாற்றம் ஆயுதத்தால் விளைந்ததா, முதுமையால் விளைந்ததா என்பதைத் தொடர் தீர்க்காமல் விடுவதும் குறிப்பிடத்தக்கது. மூப்பினை இளிவரலின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கொள்ளும் மெய்ப்பாட்டியல் நோக்கில், எல்லையற்ற அதிகாரம் பெற்ற கை நடுங்குவதைக் காண்கையில் அச்சமும் இளிவரலும் ஒருங்கே பிறக்கின்றன. டி நீரோவின் அடங்கிய நடிப்பு இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒன்றையொன்று விழுங்கவிடாமல் காக்கிறது.

இறை அச்சம் பெரிய மார்க்கெட்டின் பார்வையாளருக்கு அயலானது அன்று. 2023இல் கேரளத்தில் சிறுவணிகர் பலரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்ட நிகழ்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மோசடிப் பணத்தின் ஒரு துளி யு.பி.ஐ. வழியே கடைக்கு வந்து சேர்ந்தமையால், பிற மாநிலக் காவல்துறையின் கோரிக்கையின்பேரில் அக்கணக்குகள் நிறுத்தப்பட்டன. வாடிக்கையாளர் யாரென்றே அறியாமல் பண்டம் விற்றவர், தன் கணக்கை மீட்க நெடுந்தொலைவு அலைய நேர்ந்தது. திருடனைப் பிடிக்க வீசிய வலையில் கடைக்காரர் சிக்குவது, மல்லனின் குழு குடிமக்களைச் சிறைப்படுத்தும் காட்சிகளின் எளிய வடிவமே.

தொடர் வெளியான சில வாரங்களில், 2025 மார்ச் 26இலும் ஏப்ரல் 12இலும் இந்தியா முழுவதும் யு.பி.ஐ. பரிமாற்றம் தடைப்பட்டது. அவை தாக்குதலால் விளைந்தவை அல்ல, தொழில்நுட்பக் கோளாறுகள். எனினும் ஒலிப்பெட்டி பேசாத பொழுதில் கோளாறுக்கும் தாக்குதலுக்கும் கடையின் முன் வேறுபாடு இல்லை. அத்தகைய வேளையில் வணிகத்தைத் தாங்குவது பழைய நம்பிக்கை முறையே: தெரிந்த முகம், கடன் நோட்டு, ‘நாளைக்குக் கொடுங்க’ என்னும் ஒரு சொல். ‘ஜீரோ டே’ இத்தகைய தாங்குதிறனைக் கணக்கில் கொள்ளவில்லை. அதன் உலகில் வலையமைப்பு வீழ்ந்தால் மக்கள் கூட்டமாகவும் கலவரமாகவுமே தோன்றுகின்றனர். ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அண்டை வீட்டாராகத் தோன்றுவது அரிது.

வழக்குரைப்போர்

தொடரின் இறுதியில் மல்லன் நாடாளுமன்றத்தின் முன் நின்று, தன் மகளையும் உள்ளடக்கிய சதியாளரின் பெயர்களை வெளிப்படுத்துகிறார். தமிழ்ப் பார்வையாளரின் தொடுவானத்தில் இக்காட்சி உடனடியாக மனுநீதிச் சோழன் கதையோடு இணைகிறது. மகனென்று பாராது நீதி வழங்கிய வேந்தன் என்னும் படிமம் பெரியபுராணம் முதல் பாடநூல்வரை நிலைபெற்றது. எனவே இக்காட்சி பெருமிதத்தைத் தருகிறது. மகளைக் காட்டிக்கொடுக்கும் தந்தையின் துயரால் அழுகையும் உடன்தோன்றுகிறது. மேலாதிக்கப் பொருளில் இதுவே நிறைவான முடிவு.

எதிர்நிலை வாசிப்பு இங்குதான் தொடங்கவேண்டும். திருவாரூர்க் கதையில் வேந்தன் தானாக நீதி வழங்கவில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அதன் பின்னரே தேர்ச்சக்கரம் மகன்மீது உருண்டது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் பிழையை உணர்வதற்கு முன், கண்ணகி சிலம்போடு அவைக்கு வந்து வாதிட்டாள். தமிழ் நீதிக்கதை மரபில் இறையின் பெருமிதத்திற்கு முன்நிபந்தனை, இழந்தவர் அவைக்கு வருதல். வாயிற்காவலன் அவளைத் தடுக்கவில்லை என்பதும், மணி கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது என்பதும் அக்கதைகளின் அமைப்புக் கூறுகள்.

‘ஜீரோ டே’யில் மணி இல்லை. 3,402 என்னும் எண் பலமுறை ஒலிக்கிறது. அவ்வெண்ணுக்குள் இருந்து ஒருவரும் எழுந்து அவையில் பேசுவதில்லை. இறந்தோரின் உறவினர் பின்னணிக் கூட்டமாகவே நிற்கின்றனர். குற்றம் செய்ததும் உயர்குடி. அதைக் கண்டறிந்ததும் வெளிப்படுத்தியதும் உயர்குடி. இறை அச்சத்தை எழுப்பிய தொடர், நல்ல இறை ஒருவரைக் காட்டி அவ்வச்சத்தைத் தணித்துவிடுகிறது. கட்டற்ற அதிகாரம் தவறு என்பதைவிட, அது நல்லவர் கையில் இருக்கவேண்டும் என்பதே எஞ்சும் பொருளாகிறது.

‘இரும்புத்திரை’யிலும் நிலை இதுவே. கதிரவனைப்போலப் பணத்தை இழந்தோர் பலர் உள்ளனர் எனப் படம் காட்டுகிறது. அவர்கள் ஒன்றுகூடி வங்கியையோ அரசையோ கேள்வி கேட்கும் காட்சிக்கு இடமில்லை. அவர்கள் பொருட்டு நாயகனே போரிடுகிறான். ஒன்று வேந்தனையும் மற்றொன்று வீரனையும் முன்னிறுத்தினும், இரண்டும் வழக்குரைப்போரை அவைக்கு வெளியே நிறுத்துகின்றன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். பரபரப்புக் கதை என்னும் இலக்கிய வகைமைக்கு விரைவும் தனிநாயகனும் இன்றியமையாதவை. மனுக்கொடுத்தலும் காத்திருத்தலும் அதன் இயல்புக்கு ஒவ்வாதவை என்பது அம்மறுப்பு. ஆயின் வழக்குரை காதையைவிடப் பரபரப்பான அவைக்காட்சி தமிழில் அரிது. ஒருத்தியின் சொல்லும் கையிலுள்ள சான்றும் அரசை வீழ்த்துவது வகைமைக்குப் புறம்பானதன்று. வகைமை மறந்துவிட்ட வளம் அது. 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் காவல்நிலையத்துக்கும் இடையே சான்றுகளைச் சுமந்து திரியும் ஒருவரின் நாட்கள் வலுவான கதைப்பொருள். ஆராய்ச்சி மணியின் இக்கால வடிவம் அவ்வெண்ணே. அதனை அடித்தால் எவர் காதில் விழுகிறது என்பதே இன்றைய அரசியல் வினா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. இணையவழித் தாக்குதல் பற்றிய கதைகளை வாசிக்க மெய்ப்பாட்டியலின் அச்சப் பகுப்பு பொருத்தமான கருவியாகிறது. ‘இரும்புத்திரை’ கள்வர் அச்சத்தில் தொடங்கி அணங்கச்சத்தில் முடிவதால், தான் கண்டறிந்த கடன் பொருளியலைக் கைவிடுகிறது. ‘ஜீரோ டே’ அணங்கச்சத்தில் தொடங்கி இறை அச்சத்தை அடைகிறது. எனினும் நல்ல தலைவர் என்னும் தீர்வால் அதனை மழுங்கச் செய்கிறது. முன்னதற்குத் தெரிந்த தெருவும் பின்னதற்குத் தெரிந்த அரசும் ஒரே படைப்பில் இணைய வேண்டியுள்ளது.

பெரிய மார்க்கெட் போன்ற இடத்திலிருந்து நோக்கும்போது, வலையமைப்பின் வீழ்ச்சியைவிட, வீழ்ந்தபின் யாரிடம் முறையிடுவது என்னும் வினாவே பெரிதாகிறது. அரிசி கணக்குக்குள்ளும் கல்லாப்பெட்டி கைப்பேசிக்குள்ளும் சென்றுவிட்ட காலத்தில், அவ்வினாவை எழுப்பும் பாத்திரத்தைத் தமிழ்த் தொடர்கள் இன்னும் உருவாக்கவேண்டியுள்ளது. சிலம்புக்கு மாற்றாக வங்கிக் கணக்கு அறிக்கையை ஏந்தி அவைக்கு வரும் ஒருத்தியின் கதைக்கு மரபு ஏற்கெனவே வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது.